கெட்டுப்போன ஜிப்புக்கு எடுத்ததும் இரட்டை எஃப்பா? யாருவே இப்படிச் சொல்லிக்குடுத்தது?

தக்கலை டெர்மினல்:
நம்ம மாவட்ட லினக்ஸ் குழுவில நேத்து ஒரு பதில் வந்து கிடக்கு: "ஜிப் கெட்டுப்போச்சுன்னா யோசிக்காண்டாம். ஜிப் -எஃப்எஃப் போடுங்க, ஃபைல் பழையபடி ஆயிடும்." கேள்வி கேட்டவன் சின்னப் பையன். சுசீந்திரம் தேரோட்டப் படங்கள், 6 ஜிபி ஜிப், பென்டிரைவில வாங்கிட்டு வந்தது, திறக்கல. அவனுக்குப் போய் இப்படி ஒரு பதில், அதுக்கு வரிசையா கைதட்டல் வேற.

இரட்டை எஃப்புங்கிறது ஜிப் கட்டளையில பழுது பாக்கிறதுக்குப் போடுற குறி (zip -FF, பெரிய எழுத்து), அது கடைசியில போடுறது. முதல்ல எல்எஸ் -எல் அடிச்சு ஃபைல் அளவைப் பாக்கணும். 4294967295 பைட்னு காட்டினா ஜிப்பில ஒரு குத்தமும் இல்ல, பென்டிரைவ் ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மேட். அதில ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவா வரைக்கும்தான் நிக்கும், மிச்சம் வெட்டுப்பட்டுப் போவும். அதுக்கு மருந்து பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டா மாத்தி, ஃபைல் இருக்கிற இடத்திலேருந்து திரும்ப எடுக்கிறது. அடுத்தது முதல் நாலு பைட். பைட்டை எண்ணாக் காட்டுற எக்ஸ்எக்ஸ்டி போட்டா 50 4பி 03 04னு வரணும். சில நேரம் லாகின் பக்கத்தை ஜிப்புன்னு சேமிச்சு வச்சிருப்பாங்க, திறந்து பாத்தா எச்டிஎம்எல் நிக்கும். அதுக்கு எத்தனை எஃப் போட்டா என்ன ஆவும்?

இதெல்லாம் தாண்டின பெறவு அன்ஜிப் -எல், அடுத்து அன்ஜிப் -டி. எல் பட்டியலைக் காட்டும், டி ஒவ்வொரு ஃபைலையும் விரிச்சு சிஆர்சி, அதாவது ஃபைல் மாறாம இருக்கான்னு காட்டுற சரிபார்ப்பு எண்ணைப் பாக்கும். பட்டியல் ஒழுங்கா வந்து ஒண்ணு ரெண்டு படத்தில மட்டும் 'பேட் சிஆர்சி' வந்தா எந்த எஃப்பும் வேண்டாம். சாதாரணமா விரிச்சாலே மிச்ச படம் முழுக்க வந்திரும், ஜிப்பில ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாத்தான் சுருங்கியிருக்கு.

வடசேரி வயர்:
அந்தப் பதிலைப் போட்டது நான்தான். "ஒரு பதில்"னு மறைச்சு எழுதாண்டாம் அண்ணாச்சி, பேரைச் சொல்லியே திட்டலாம்.

பையன் என்ன பிழைச்செய்தி போட்டிருந்தான்னு வாசிச்சீரா? 'எண்ட் ஆஃப் சென்ட்ரல் டைரக்டரி சிக்னேச்சர் நாட் ஃபவுண்ட்.' சென்ட்ரல் டைரக்டரின்னா உள்ள இருக்கிற ஃபைல்களோட பட்டியல், ஜிப்பில அது ஃபைலோட வால்ல இருக்கு. வால் போச்சு, பட்டியல் போச்சு. பட்டியல் இல்லாம அன்ஜிப் -எல் என்னத்தக் காட்டும்? அன்ஜிப் -டி எதை டெஸ்ட் பண்ணும்? ஒற்றை எஃப்புக்கும் பட்டியல் ஓரளவு நல்லா இருக்கணும். அப்போ மிச்சம் என்ன? இரட்டை எஃப். தலையிலேருந்து வாசிச்சு ஒவ்வொரு ஃபைலோட முகப்பையும் தேடிப் பிடிச்சு பட்டியலைப் புதுசா கட்டும். நான் சொன்னதில என்ன பிழை?

தக்கலை டெர்மினல்:
"பழையபடி ஆயிடும்"னு எழுதினீரா இல்லையா? அதைச் சொல்லும்.

வெட்டுப்பட்ட 2 ஜிபி எங்கேருந்து வரும்? இரட்டை எஃப் பட்டியலைக் கட்டும், போன பைட்டைக் கொண்டுவராது. பாதியில நிக்கிற படம் பாதியாத்தான் இருக்கும், மேல்பாதி தெரியும், கீழ்பாதி சாம்பல் நிறம். சரிபண்ணின ஃபைல்லயும் அன்ஜிப் -டி ஓட்டணும். சிஆர்சி தப்புற உருப்படியை ஜிப்போட டெலீட் குறியால (zip -d) கழிச்சுப் போடணும். ஜிப்போட கையேட்டிலயே இருக்கு, அப்படிப்பட்ட ஃபைலை மீட்க முடியாதுன்னு. ஒற்றை எஃப்பை முதல்ல போட்டுப் பாருன்னும் அதே பகுதியில இருக்கு.

இன்னொண்ணு. உம்ம கட்டளை ஓடவே ஓடாது. 2008இல வந்த ஜிப் 3.0இலேருந்து எஃப் ஆனாலும் இரட்டை எஃப் ஆனாலும் --அவுட் போட்டுப் புது ஃபைல் பேர் குடுக்கணும். இல்லைன்னா பிழை காட்டிட்டு நின்னிரும். புது ஃபைலுக்கு டிஸ்கில அத்தனை இடமும் காலியா இருக்கணும். இது ஒண்ணும் சொல்லாம "போடுங்க"ன்னா?

வடசேரி வயர்:
--அவுட் போடலன்னா அதுவே கேக்கும், பாத்துப் போட்டுக்கிடுவான். ஒரு வரிப் பதில்ல அதையெல்லாம் எழுதணுமா? உமக்கு மினக்கெட்டுக் குத்தம் பிடிக்கணும். வால் போன ஃபைலுக்கு ஒற்றை எஃப் ஆகுமா ஆகாதா? ஆமா இல்லைன்னு சொல்லும்.

குளச்சல் கரை:
எதுக்கு இந்தச் சண்டை. ஜிப்புக்குப் பதிலா டார் ஜீஜெட்டா (.tar.gz, டார் ஃபைலை ஒண்ணாக் கோக்கும், ஜீஜிப் சுருக்கும்) கட்டினா ஒரு பிரச்சினையும் இல்ல. பட்டியல் வால்ல இருக்காது, ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னாடியே 512 பைட் தலைப்பு. பாதியில அறுந்தாலும் ஜீஜிப் -டிசி போட்டு டார் -எக்ஸ்விஎஃப்புக்கு அனுப்பினா அறுந்த இடம் வரைக்கும் வந்திரும்.

தக்கலை டெர்மினல்:
அறுந்தா வரும். நடுவில ஒரு பைட் கெட்டா? ஜீஜிப் முழுசும் ஒரே ஓட்டம், கெட்ட இடத்துக்கு அப்பால இருக்கிறது எல்லாம் கைவிட்டுப் போவும். ஜீஜிரிகவர்ங்கிற மீட்புக் கருவியை ஓட்டி, வந்த துண்டை டாரை வாசிக்கிற இன்னொரு கருவியான சிபிஐஓவுக்குக் குடுத்து, கெட்ட தலைப்பைத் தாண்டச் சொல்லணும். ஜீஜிப்புக்குப் பதிலா பிஜிப்2ங்கிற சுருக்கி ஆனாலாவது 900 கேபி கட்டம் கட்டமா இருக்கு, பிஜிப்2ரிகவர் துண்டு துண்டா பிரிச்சுத் தரும். டார் ஜீஜெட்டில பட்டியல் மட்டும் பாக்கணும்னாலும் 6 ஜிபியையும் விரிச்சாத்தான் ஆவும். ஜிப் வாலை மட்டும் வாசிச்சு நொடியில காட்டும். ஏற்கெனவே சுருங்கியிருக்கிற ஜேபெக் படத்தை ஜீஜிப்பில போட்டு என்ன சுருங்கப் போவுது?

வடசேரி, நீரு கேட்டதுக்கு: வால் போச்சான்னு முதல்ல பாத்தீரா? டெய்ல் -சி 22 போட்டு கடைசி 22 பைட்டை எடுத்து எக்ஸ்எக்ஸ்டியில விட்டா, கருத்துரை சேக்காத ஜிப்பில 50 4பி 05 06னு தொடங்கணும். அது இருந்தா வால் இருக்கு. அதைப் பாக்காம இரட்டை எஃப் முதல்லன்னு சொல்லப்பிடாது.

வடசேரி வயர்:
பிழைச்செய்தியே அதைத்தானே சொல்லுது! 'நாட் ஃபவுண்ட்.' இதுக்கு மேல டெய்ல் எதுக்கு?

மார்த்தாண்டம் பேக்கப்:
ரெண்டு பேரும் நோய் முத்தின பெறவு கஷாயம் காய்ச்சுதீங்க. ஜிப் மாதிரி இன்னொரு சுருக்கியான ரார்ல கட்டும்போதே -ஆர்ஆர்5 போட்டா 5 விழுக்காடு மீட்புப் பதிவு உள்ளேயே இருக்கும். கெட்டா 'ரார் ஆர்' கட்டளை போடணும். மீட்புப் பதிவால சரியானா 'ஃபிக்ஸ்ட்'னு தொடங்குற பேர்ல ஃபைல் தரும், அது இல்லாம வெறுமனே கட்டினா 'ரீபில்ட்'னு தரும். பைட்டைத் திருப்பிக் கொண்டுவாறது இதுதான். இலவச அன்ரார்ல இந்த ஆர் கட்டளை கிடையாது, ரார்தான் வேணும். ஜிப்பைத்தான் பிடிச்சிக்கிட்டு இருப்பேன்னா பார்2ங்கிற கருவியில 'பார்2 கிரியேட் -ஆர்10' போட்டு மீட்பு ஃபைலைப் பக்கத்தில வச்சுக்கிடணும்.

தக்கலை டெர்மினல்:
கொள்ளாம். ஆனா அது கட்டும்போது செய்யவேண்டியது. பையன் கையில இருக்கிறது ஏற்கெனவே கெட்ட ஜிப். அவனுக்கு இப்போ என்ன வழி?

நெட்டில இறக்கினதா இருந்தா டபிள்யூகெட் -சி (சின்ன சி), இல்ல கர்ல் -சி - (பெரிய சி). விட்ட இடத்திலேருந்து மிச்சத்தை இறக்கும், போன வாலும் வந்திரும். மழைக்காலத்தில கரண்டு போய்ப் போய் வாற ஊர்ல இதை முதல்ல சொல்லணும். மூலம் இல்லைன்னா 7-ஜிப் கருவியோட '7இசட் எக்ஸ்' கட்டளை. பட்டியல் போன ஜிப்பையும் முகப்பு முகப்பா வாசிச்சு, 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஆர்க்கைவ்'னு எச்சரிச்சுட்டு கிடைக்கிற படத்தை நேரா விரிச்சுத் தரும். ஜிப்பையும் வாசிக்கிற பிஎஸ்டிடாருக்குக் குழாய் வழியா விட்டாலும் வரும். நடுவில இன்னொரு ஜிப் எழுதவே வேண்டாம். இதெல்லாம் கடந்துதான் இரட்டை எஃப்.

இணையதளம் ஓட ஓடக் கட்டித்தாற ஜிப்பா இருந்தா இன்னும் சங்கடம். முகப்பில அளவு சுழியமா இருக்கும், உண்மை அளவு அந்த ஃபைலோட தரவுக்குப் பெறவுதான் வரும். அங்க இரட்டை எஃப்பும் தடுமாறும்.

ஆரல்வாய் அச்சு:
எனக்குத் தெரிஞ்சு அந்த ஜிப் கெட்டே இருக்காது. உள்ள இருக்கிற ஃபைலுக்கெல்லாம் தமிழ்ப் பேர். லினக்ஸ் டிஸ்க் ஃபார்மேட்டான ஈஎக்ஸ்டி4இல ஒரு பேர் 255 பைட்டுக்குள்ள நிக்கணும். யுடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியீட்டில ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், 'கோ'ங்கிறது ரெண்டு குறி, 6 பைட். 85 குறி தாண்டினா 'ஃபைல் நேம் டூ லாங்'. விண்டோஸ்ல 255 குறி வரைக்கும் விடும், அங்க வச்ச பேரு இங்க விரியாது. அன்ஜிப் -பி போட்டு, பேர்ல முதல் ரெண்டு சொல்லும் நட்சத்திரக்குறியும் மேற்கோளுக்குள்ள குடுத்து, சின்னப் பேருக்குத் திருப்பிவிட்டா வந்திரும்.

வடசேரி வயர்:
பையன் போட்ட செய்தி 'நாட் ஃபவுண்ட்', 'டூ லாங்' இல்ல. ஒருத்தரும் கேள்வியை வாசிக்க மாட்டீங்களா?

ஆரல்வாய் அச்சு:
வாசிச்சேன். ரெண்டும் சேந்தும் வரலாம். வால் சரியான பெறவு அடுத்த பிழை இதுதான் வரும், அப்போ தேடி வருவீரு.

குளச்சல் கரை:
நான் ஜிப் -எஃப் போட்டுப் பாத்தேன், பழுதும் பாக்கல ஒண்ணும் பாக்கல.

தக்கலை டெர்மினல்:
சின்ன எஃப்பா பெரிய எஃப்பா? சின்ன எஃப் ஃப்ரெஷன், டிஸ்கில இருக்கிற புது ஃபைலை ஜிப்புக்குள்ள மாத்துறது. பழுது பாக்கிறது பெரிய எஃப். கெட்ட ஜிப்பில சின்ன எஃப்பை ஓட்டாதீரும், மூலத்தை ஒரு நகல் எடுத்து வச்சிட்டு நகல்லதான் கை வைக்கணும். இன்னொரு இடத்திலயும் ஆளுங்க தவறுவாங்க: 'நீட் பிகே கம்பாட் வி5.1'னு வந்தா அது ஏஇஎஸ்ங்கிற மறையாக்க முறையில கடவுச்சொல் போட்ட ஜிப், கெட்டது இல்ல. அன்ஜிப்புக்குத் தெரியாது, 7இசட்டுக்குத் தெரியும். அதிலயும் இரட்டை எஃப் போடுறவங்க இருக்காங்க, இப்படிப்பட்ட பதிலை வாசிச்சுத்தான்.

வடசேரி, குழுவில போட்ட வரியைத் திருத்தினீரா? "பழையபடி ஆயிடும்" இன்னும் அப்படியே நிக்கிது.

வடசேரி வயர்:
திருத்த மாட்டேன். வால் போன ஜிப்புக்கு இரட்டை எஃப்தான். 'சிங்கிள் டிஸ்க் ஆர்க்கைவா'ன்னு கேக்கும், ஒய் அடிச்சா போதும். வேணும்னா --அவுட்டை மட்டும் சேத்துக்கிடுதேன்.

தக்கலை டெர்மினல்:
--அவுட்டைச் சேத்தா முதல்ல போடலாம்னு ஆயிருமா? எல்எஸ் -எல் எங்க? 7இசட் எங்க?

மார்த்தாண்டம் பேக்கப்:
நான் சொன்ன பார்2வுக்கு யாரும் பதில் சொல்லல.