மறு: தோட்டத்தைவிட்டு வெளியேறிப் பரவும் செடிக்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான் கேட்ட கேள்விக்கு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அந்நியக் களை, ஊடுருவும் தாவரம், ஆக்கிரமிப்புத் தாவரம். மூன்றையும் எங்கள் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மணலில் நட்டுப் பார்த்தேன்.

'அந்நிய' முதலில் கழிந்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதற்காக அதை அந்நியப் பயிர் என்று இங்கே எந்தச் சம்சாரியிடமாவது சொல்லிப் பாருங்கள். வெளியிலிருந்து வந்தது என்பது மட்டுமே ஒரு செடியின் குற்றம் ஆகிவிடாது.

'களை'யும் ஒட்டவில்லை. பயிருக்கு நடுவே முளைத்து, நாம் குனிந்து பிடுங்குவதுதான் களை. பயிரே இல்லாத மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல்லையும் அடும்புக் கொடியையும் மூடிக்கொண்டு ஒன்று வளர்ந்தால் அது யார் வயலுக்குக் களை?

'ஊடுருவல்' எனக்கு அறவே பிடிக்கவில்லை. பாக் நீரிணைக் கரையில் அந்தச் சொல்லைக் கேட்டால் படகும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். தவிர, இந்தச் செடிகள் இரவோடு இரவாக வந்து புகுந்தவையா? நர்சரியில் காசு கொடுத்து, தொட்டியோடு தூக்கி வந்து, வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றியது நாம்.

'ஆக்கிரமிப்பு' நல்ல சொல், இருக்கட்டும். கண்மாய் ஆக்கிரமிப்பு என்றால் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் செய்திருப்பதும் அதுதான். தமிழக அரசு 2022இல் இப்படிப்பட்ட தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்ட பிறகு செய்தித்தாள்களிலும் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. ஆனால் அது முடிவைச் சொல்லும் சொல். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்துக்கு: அழகுக்கென்று வைத்த செடி, வைத்த இடத்தை விட்டுக் கிளம்பித் தானாக முளைக்கத் தொடங்கும் கட்டம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு செடிகளைக் காட்டுகிறேன்.

ஒன்று நித்தியகல்யாணி. பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. பூவுக்காக வந்தது, வீட்டை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. இன்று கடற்கரை மணலில், சுடுகாட்டு ஓரத்தில், சுவர் வெடிப்பில் எல்லாம் நிற்கிறது. நிற்கிறது, அவ்வளவுதான். பக்கத்துச் செடியை அது ஒன்றும் செய்வதில்லை.

இன்னொன்று கருடப்பாலை. இதுவும் மடகாஸ்கர்தான், இதுவும் பூவுக்காக வந்ததுதான். ரப்பர் பாலுக்காகவும் வளர்த்துப் பார்த்தார்கள். புனல் வடிவில் இளம் ஊதாப் பூ, பளபளவென்று தடித்த இலை. வேலியில் படர விட்டால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும் (இந்தக் 'களை' வேறு, மன்னிக்க). காய்கள் இரண்டிரண்டாக, மாட்டுக் கொம்புபோல எதிரெதிரே விரிந்து நிற்கும். முற்றி வெடித்தால் ஒவ்வொரு விதைக்கும் தலையில் ஒரு வெண்பட்டுக் குஞ்சம். கச்சான் காற்று அடிக்கிற ஊரில் அதற்கு வேறு வாகனம் வேண்டுமா? போய் விழுந்த இடத்தில் முளைத்து, அருகிலிருக்கும் மரத்தின்மேல் ஏறும். குடைவேல் போன்ற தட்டைத்தலை மரம் என்றால் மேலே முழுவதும் மூடிவிடும். அடியில் இருக்கும் கிளைக்கு வெயில் கிடைக்காது. இலையிலும் பாலிலும் நஞ்சு உண்டு, ஆடுமாடு தின்றால் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே கொடி தோட்டத்திலிருந்து கிளம்பி ஆற்றங்கரைகளை மூடியது. கடைசியில் மடகாஸ்கரிலிருந்தே ஒரு துருநோய்ப் பூஞ்சையைத் தருவித்து அதன்மேல் விட்டார்கள்.

இரண்டும் வெளியேறியவை. ஆக்கிரமித்தது ஒன்றுதான். ஆகவே வெளியேறியதற்குத் தனிச்சொல் வேண்டும்.

என் பரிந்துரை: வேலிதாண்டி. மரங்கொத்தி, தொட்டாற்சுருங்கி போன்ற அமைப்பு. 'வேலிதாண்டிகள்', 'வேலிதாண்டிய செடி' என்று எப்படியும் வளையும். சீமைக்கருவேலத்துக்கு ஏற்கெனவே வேலிகாத்தான் என்று பெயர் இருப்பதால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒரு சுவையும் இருக்கிறது.

மண்டபத்திலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

சொல் அழகாக இருக்கிறது, ஆனால் வகுப்பறைக்கு ஆகாது. 'வேலி தாண்டினவள்' என்று நம் ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒன்பதாம் வகுப்பில் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் பின் வரிசையில் சிரிப்புக் கிளம்பும், முன் வரிசைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். செடிக்குப் பெயர் வைக்கப்போய் அது வேண்டாமே.

இன்னொன்று, எல்லாச் செடிக்கும் வேலி இல்லை. ஆகாயத்தாமரை ஊதாப் பூவுக்காகக் குளத்தில் விட்டது. எந்த வேலியை அது தாண்டியது? மண்டபத்துக்காரர் நீங்களே கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்தது, ஒடிந்த துண்டுகளிலிருந்தே பரவி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளப்பாறைமேல் படர்ந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்களே.

'தோட்டந்தாண்டி' என்று வைத்தால் என்ன? அமைப்பு அதேதான்.

தொண்டியிலிருந்து

* * *

டீச்சர், முதல் காரணம் ஒன்றே போதும், வேலிதாண்டியைத் திரும்பப் பெறுகிறேன். வேலிகாத்தானோடு சோடி போகிறதே என்று கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வேலிகாத்தான் பூவுக்காக வந்த மரமும் இல்லை.

பாசியை இதில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அது அழகுக்கு வைத்ததில்லை, தொழிலுக்கு வளர்த்தது. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று கடலில் இறங்கிச் சேகரிக்கும் பெண்கள் இந்தப் புதுப்பாசிக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு அதற்குத் தனி இழை தொடங்கலாம். ஆகாயத்தாமரை இருக்கட்டும். குளத்தையும் தோட்டத்தில் அடக்கிவிடலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வேறு மறுப்பு வராவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்த்துவிடுகிறேன்:

தோட்டந்தாண்டி (பெ.): அழகுக்காக வளர்க்கப்பட்டு, வளர்த்த இடத்துக்கு வெளியே தானாகப் பெருகும் அயல் தாவரம். எ-டு: நித்தியகல்யாணி, கருடப்பாலை, உண்ணிச்செடி, ஆகாயத்தாமரை. இவற்றுள் பிற உயிரினங்களை நெருக்கி அழிப்பது மட்டும் 'ஆக்கிரமிப்புத் தாவரம்'.