பெங்களூருவில் போட ஒரு நல்ல ஃபெல்ட் தொப்பி: முயலா, ஹேரா, பீவரா?

மல்லேஸ்வரம்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நல்ல ஃபெடோரா (சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பி) ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். குளிர்காலத்தில் ரேஸ் கோர்ஸுக்கு, மற்றபடி காலையில் கப்பன் பார்க் நடைக்கு. போன வருஷம் கமர்ஷியல் தெருவில் வாங்கிய கம்பளி ஃபெல்ட் தொப்பி ஒரே மழையில் சுருங்கிப்போனது. விளிம்பும் அலையலையாக நெளிந்துவிட்டது. அதனால் இந்த முறை வெளிநாட்டிலிருந்து ஃபர் ஃபெல்ட் (பிராணியின் மென்முடியை அழுத்திச் செய்தது) வரவழைக்க எண்ணம். ஒரே வடிவம் நாலு விதத்தில் கிடைக்கிறது: முழு முயல், ஹேர் (hare, முயலின் உறவுப் பிராணி), முயலும் பீவரும் (beaver என்ற கொறிக்கும் பிராணி) கலந்தது, முழு பீவர். முழு பீவரின் விலை முயலைப் போல மூன்று மடங்கு! கலப்புத் தொப்பியில் '20எக்ஸ்' என்று முத்திரை வேறு. எதை எடுக்கலாம்? தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற ஆள் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொப்பிப்பிரியன்:
முதலில் அந்த எக்ஸை மறந்துவிடுங்கள். அதற்குப் பொதுவான தர அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 20எக்ஸ் இன்னொன்றின் 6எக்ஸுக்குச் சமமாக இருக்கலாம். ஒரே கம்பெனியின் தொப்பிகளுக்குள் எது மேல், எது கீழ் என்று பார்க்க மட்டும்தான் அது உதவும். "பீவர் எத்தனை சதவீதம், மீதி என்ன முடி?" என்று மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பீவர் பெயரளவுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் முடி விஷயம். ஃபெல்டுக்குப் பயன்படுவது வெளியே தெரியும் முரட்டு முடி அல்ல, அதற்கடியில் இருக்கும் மெல்லிய அடிமுடி. அதில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் அழுத்தமும் பட்டால் முடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நெசவோ தையலோ கிடையாது. துளையிட்ட கூம்பின் மேல் முடியை உறிஞ்சிப் படியவைத்து, தொப்பியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக எடுத்து, பிறகு சுருக்கிச் சுருக்கி இறுக்குகிறார்கள். எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு உழைக்கும்.

பீவர் தண்ணீரில் வாழும் பிராணி. அதன் அடிமுடி ரொம்ப அடர்த்தி, தானாகவே நன்றாகப் பின்னிக்கொள்ளும். முயல் முடி அப்படி லேசில் பின்னாது. அதற்காகத்தான் ஒரு காலத்தில் பாதரச நைட்ரேட்டைத் தடவினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைநடுக்கம், மனக்குழப்பம் எல்லாம் வந்தது. அமெரிக்காவில் 1941-ல்தான் அதை நிறுத்தினார்கள். இப்போது பாதரசம் இல்லாமலே முயல் முடியைப் பதப்படுத்துகிறார்கள், தரமும் நன்றாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அக்குப்ரா தொப்பிகள் முயல் முடியில்தான் செய்யப்படுகின்றன. அங்கே ஆடுமாடு மேய்ப்பவர்கள் வெயில் மழை பார்க்காமல் அதைத்தான் போட்டுத் திரிகிறார்கள்.

என் கட்சி ஹேர். நம் ஊர் வீட்டு முயல் போல இல்லாமல் ஐரோப்பிய வயல்களில் ஓடித் திரியும் இனம். முடி முயலைவிட உறுதி. மெல்லியதாகச் செய்தாலும் வடிவம் நிற்கும். பெங்களூரு மதியத்துக்குக் கனமான தொப்பி சரிப்படாது. முழு பீவர் அருமையான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கில் மழையில் நிற்கிறவருக்கு அது. உங்களுக்கு மழை வந்தால் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது.

ஃப்ரேசர்டவுன்காரர்:
தொப்பிப்பிரியன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் ஹேர் என்று பேர் போட்டதெல்லாம் நல்லதாகிவிடாது. மட்டமாகச் செய்த ஹேரைவிட ஒழுங்காகச் செய்த முயல் மேல். தொப்பி கையில் வந்ததும் விளிம்பின் ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல ஃபெல்ட் மெல்லியதாக, உள்ளுக்குள் இடைவெளியே இல்லாமல், வெட்டிய இடம் கத்தரித்த மாதிரி சுத்தமாக இருக்கும். கம்பளி என்றால் தடிப்பாக, ஓரத்தில் நார் நாராகப் பிரியும். தலைப்பகுதியை லேசாக அமுக்கி விடுங்கள். மடங்கிய கோடு அப்படியே நின்றால் சந்தேகம். கை வைத்தால் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தாலும் சந்தேகம்தான், பலவீனமான ஃபெல்டை அரக்குப் பசையேற்றி நிமிர்த்தியிருப்பார்கள்.

எண்ணெய் பற்றிக் கேட்டீர்களே, முயலோ பீவரோ எண்ணெய்க்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளே தோல் பட்டை வைத்த தொப்பியாக வாங்குங்கள், துணிப்பட்டை வேண்டாம். எண்ணெய் வைத்த அன்று தொப்பி போடாமல் இருப்பது உத்தமம். பழுப்பு, கரும்பச்சை மாதிரி நிறம் எடுங்கள். வெளிர் சாம்பலில் ரிப்பனைத் தாண்டிக் கறை ஏறினால் பிறகு எடுக்கவே முடியாது.

பானஸ்வாடி அக்கா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் பிராணியைக் கொன்று எடுக்கிற தோல்தானே? என் தம்பிக்கு வாங்க யோசித்து அதனாலேயே விட்டுவிட்டேன்.

தொப்பிப்பிரியன்:
ஆமாம் அக்கா, கொன்றுதான். முயல் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்ப்பதிலிருந்து வரும் தோல், ஆஸ்திரேலியாவில் பயிரை அழிக்கும் காட்டு முயல். மனசு ஒப்பவில்லை என்றால் கம்பளி ஃபெல்ட்தான் வழி. கனமான நல்ல கம்பளியும் கிடைக்கிறது. மழையில் போட வேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

ஃப்ரேசர்டவுன்காரர்:
மல்லேஸ்வரம் சாருக்கு இன்னொன்று. முடியைவிட அளவுதான் முக்கியம். சுங்க வரி கட்டி வரவழைத்த தொப்பி சேரவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு இன்னொரு தொப்பி விலைக்கு வந்து நிற்கும். டேப்பைக் காதுக்கு மேலே, நெற்றி நடுவில் சுற்றி சென்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். 58 செ.மீ. என்றால் அமெரிக்க அளவில் 7¼, அதுவே பிரிட்டிஷ் அளவில் 7⅛. கடை எந்த ஊர்க் கணக்கில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மல்லேஸ்வரம்வாசி:
ரொம்ப நன்றி. தலை 57.5 வருகிறது. 57 எடுப்பதா, 58-ஆ? முடி விஷயத்தில் ஹேர் என்று முடிவு செய்துவிட்டேன், பழுப்பு நிறம். பழைய கம்பளித் தொப்பியைத் தேற்ற ஏதாவது வழி உண்டா?

தொப்பிப்பிரியன்:
58 எடுங்கள். தோல் பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப் பட்டை செருகினால் சரியாக உட்காரும். இறுக்கமான தொப்பியை அப்படிப் பெரிதாக்க முடியாது.

பழையதற்கு இட்லிப் பானை ஆவி போதும். நெளிந்த விளிம்பைத் துண்டு துண்டாக ஆவியில் காட்டி, மேஜையில் தட்டையாக வைத்துக் கையால் நீவி, ஆறும்வரை மேலே கனமான புத்தகம் வையுங்கள். ரொம்ப நேரம் காட்டினால் இன்னும் சுருங்கும். சுருங்கிய தலையளவு பழையபடி வராது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

புதுசை மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் தோல் பட்டையை வெளியே புரட்டிவிட்டு நிழலில் காயவிடுங்கள், ஹேர் டிரையர் கூடாது. பூச்சிக்குக் கம்பளி, பீவர் என்ற பேதம் இல்லை. அலமாரியில் அந்துருண்டை போட்டுவையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் மட்டும் ஒருநாளும் வைக்காதீர்கள்.