486 கணினியில் பழைய வன்தட்டுக்குப் பதிலாகக் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை: எந்தக் கொள்ளளவு, எந்த வரிசையில்?

தட்டச்சர்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 486 டிஎக்ஸ்2-66 செயலியும் 16 மெகாபைட் நினைவகமும் கொண்ட மேசைக் கணினி ஒன்று உள்ளது. அதன் அமி பயாஸ் (கணினி தொடங்கும்போது தட்டு முதலிய வன்பொருளைக் கண்டறியும் அடிப்படை நிரல்) 1993ஆம் ஆண்டைச் சேர்ந்தது, எம்எஸ்-டாஸ் 6.22, விண்டோஸ் 3.1 ஆகியவை இயங்குகின்றன. அதிலுள்ள 340 மெகாபைட் ஐடிஇ (வன்தட்டைக் கணினியோடு இணைக்கும் முறை) வன்தட்டு அண்மைக் காலமாகக் கரகரவென்று ஒலி எழுப்புவதோடு, சில கோப்புகளைத் திறக்கும்போது வாசிப்புப் பிழையும் காட்டுகிறது.

என் தந்தையார் அச்சகம் நடத்திய காலத்தில் தட்டச்சு செய்த அழைப்பிதழ்களும் கடிதங்களும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன. அவற்றின் தமிழ் எழுத்துக் குறியீடு யூனிகோடுக்கு முந்தையது. ஆகவே கோப்புகளை மட்டும் வெளியே எடுத்தால் போதாது. அவற்றைத் திறக்கும் சொற்செயலியும் இதே இயந்திரத்தில் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தத் தட்டுக்குப் பதிலாக எவ்வளவு கொள்ளளவுள்ள காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையை வாங்குவது, கேமராக்களில் பயன்படும் எஸ்டி அட்டை போதுமா, பழைய தட்டிலிருந்து எப்படி மாற்றுவது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்சுற்று:

முதலில் ஒரு வேண்டுகோள்: அட்டையும் அதை வன்தட்டுக் கம்பியில் பொருத்தும் இணைப்பியும் கைக்கு வரும் வரை அந்தக் கணினியை இயக்காதீர்கள். ஒலி எழுப்பும் தட்டு இன்னும் எத்தனை மணி நேரம் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது; அந்த நேரம் முழுவதும் நகலெடுப்பதற்கே செலவாக வேண்டும்.

காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையையே வாங்குங்கள். 1994இல் சான்டிஸ்க் அறிமுகப்படுத்திய இந்த அட்டைக்குள்ளேயே ஐடிஇ முறையில் பேசும் கட்டுப்படுத்தி இருக்கிறது. மின்சாரம் வரும் வேளையில் அதன் 50 ஊசிகளில் ஒன்பதாவது தரையோடு இணைந்திருந்தால், அட்டை தன்னை ஒரு ஐடிஇ வன்தட்டாகவே காட்டிக்கொள்ளும். அதனால் 40 ஊசி இணைப்பி என்பது பெரும்பாலும் வெறும் கம்பித் தடங்கள்தான். பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. எஸ்டி அட்டைக்கோ இடையில் ஒரு மொழிமாற்றுச் சில்லு தேவை. அது வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோளாறு வந்தால் அட்டையா, சில்லா, பயாஸா என்று தேட வேண்டிய இடம் ஒன்று கூடுகிறது. இணைப்பியில் 5 வோல்ட், 3.3 வோல்ட் தேர்வு இருந்தால் அதன் குறிப்பைப் படித்துப் பொருத்துங்கள். கணினி இயங்கும்போது அட்டையைச் செருகவோ உருவவோ கூடாது.

கொள்ளளவைப் பொறுத்தவரை 512 மெகாபைட் அட்டையே உங்களுக்கு ஏற்றது. தட்டில் ஓர் இடத்தை உருளை, தலை, பகுதி (செக்டர்) என்ற மூன்று எண்களால் குறிப்பார்கள். பழைய பயாஸ் 1024 உருளைகளுக்கு மேல் எண்ணாது. ஐடிஇ முறையோ 16 தலைகளுக்கு மேல் ஏற்காது. ஒரு தடத்தில் 63 பகுதிகளே இருக்கலாம். மூன்றையும் பெருக்கினால் 10,32,192 பகுதிகள். ஒவ்வொன்றும் 512 பைட் என்பதால் மொத்தம் 52,84,82,304 பைட். ஒரு மெகாபைட்டை 10,48,576 பைட்டாகக் கணக்கிட்டால், இதுவே 504 மெகாபைட் எல்லை என்று பேசப்படுவது. 512 மெகாபைட் என்று விற்கப்படும் அட்டைகள் வழக்கமாக 51 கோடிச் சொச்சம் பைட் அளவில் இருப்பதால் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். இதைவிடப் பெரிய அட்டையைச் செருகினால் சில பயாஸ்கள் எல்லைவரை மட்டும் காட்டும், சில தவறான அளவைக் காட்டும், சில அங்கேயே உறைந்து நின்றுவிடும்.

காந்தத்தட்டு:

மேலே நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மாற்றும் வரிசையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

யுஎஸ்பி மாற்றி வழியாகப் பழைய தட்டைப் புதிய கணினியில் படிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் எல்பிஏ முறை (பகுதிகளை ஒரே வரிசை எண்ணால் குறிப்பது) அறியாத அக்காலத் தட்டுகளைப் பெரும்பாலான யுஎஸ்பி மாற்றிகளால் படிக்க இயலாது. ஆகவே 486இலேயே நகலெடுப்பது நல்லது. முதலில் அட்டையை மட்டும் மாஸ்டராக (கம்பியின் முதல் தட்டாக) இணைத்து, பயாஸில் தானாகக் கண்டறியும் வசதியைக் கொண்டு அளவுகளைப் பதியுங்கள். டாஸ் நெகிழ்வட்டிலிருந்து தொடங்கி, தட்டைப் பகிர்வுகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலைக் கொண்டு முதன்மைப் பகிர்வு ஒன்றை உருவாக்கி, அதைச் செயல்படும் பகிர்வாகக் குறியுங்கள். பிறகு "எஃப்டிஸ்க் /எம்பிஆர்" கட்டளையைத் தவறாமல் கொடுங்கள். அட்டையின் முதல் பகுதியில் (செக்டரில்) ஏற்கெனவே செல்லத்தக்க குறி இருந்தால், எஃப்டிஸ்க் அங்கே தொடக்க நிரலை எழுதாமல் விட்டுவிடும். புது அட்டை தொடங்க மறுப்பதற்கு இது மிகப் பரவலான காரணம். அடுத்து "ஃபார்மேட் சி: /எஸ்". இவற்றைப் புதிய கணினியின் அட்டைப் படிப்பானில் செய்யாதீர்கள். அது பதியும் தலை, உருளைக் கணக்கு உங்கள் பயாஸின் கணக்கோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

அட்டையிலிருந்து டாஸ் தொடங்குகிறது என்று உறுதியான பின்பே பழைய தட்டை ஸ்லேவாக (இரண்டாம் தட்டாக) இணையுங்கள். அப்போது அட்டை சி, பழைய தட்டு டி. பழைய தட்டில் எதையும் எழுத வேண்டிய தேவையில்லை. தந்தையாரின் ஆவணங்கள் இருக்கும் கோப்புறையை முதலில் எடுங்கள், அடுத்துச் சொற்செயலி, கடைசியில் மற்றவை. டாஸின் நகலெடுக்கும் கட்டளையான எக்ஸ்காப்பியில் "/எஸ் /ஈ" சேர்த்தால் உட்கோப்புறைகளும் வந்துவிடும். ஆனால் மறைக்கப்பட்ட கோப்புகளை அது தொடாது, ஆகவே ஆவணங்களில் அப்படி ஏதும் உண்டா என்று "டிர் /ஏஎச் /எஸ்" கொண்டு பாருங்கள். நினைவகம் போதாதபோது விண்டோஸ் தட்டில் பயன்படுத்தும் நிரந்தர இடமாற்றுக் கோப்பும் மறைவானதே. அது வராததால் விண்டோஸ் முறையிடும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் மெய்நிகர் நினைவகத்தை நீக்கிவிடுங்கள். 16 மெகாபைட் உங்களுக்குப் போதும்; அட்டையில் ஓயாது எழுதுவதும் குறையும்.

தட்டும் அட்டையும் ஒரே கம்பியில் இணங்க மறுத்தால், டாஸ் 6உடன் வரும் இன்டர்லிங்க், இன்டர்சர்வர் ஆகியவற்றைக் கொண்டு இணைத்துறை (பேரலல் போர்ட்) கம்பி வழியே இன்னொரு பழைய கணினிக்கு அனுப்பலாம்.

தட்டச்சர்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம். என்னிடம் 4 ஜிகாபைட் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கணினியின் நெட்வொர்க் அட்டையில் ரோம் பொருத்தும் குழி காலியாக உள்ளது. அதைக் கொண்டு பெரிய அட்டையைப் பயன்படுத்த முடியும் என்று கேள்விப்பட்டேன்.

மின்சுற்று:

முடியும். எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற கட்டற்ற நிரலை ஈப்ரோமில் (நிரலைப் பதித்து வைக்கும் நினைவகச் சில்லு) பதித்து அந்தக் குழியில் பொருத்தினால், கணினியின் சொந்த பயாஸுக்குப் பதிலாக அதுவே ஐடிஇ தட்டுகளைக் கவனித்துக்கொள்ளும். சொந்த பயாஸில் தட்டு இல்லை என்று குறித்துவிட வேண்டும். அப்போதும் டாஸ் 6.22 ஒரு பகிர்வை 2 ஜிகாபைட்டுக்கு மேல் ஏற்காது. அவ்வளவு பெரிய பகிர்வில் மிகச் சிறிய கடிதமும் 32 கிலோபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; 500 மெகாபைட் பகிர்வில் அது 8 கிலோபைட்தான். ரோம் டி000 முகவரியில் 8 கிலோபைட் அளவில் அமைந்தால், டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில், நினைவக மேலாளரான இஎம்எம்386 வரியில் "எக்ஸ்=டி000-டி1எஃப்எஃப்" என்று விலக்குங்கள்; இல்லையேல் அது அதே முகவரியைக் கைப்பற்றக்கூடும்.

எனினும் ஆவணங்களை மீட்கும் வேலைக்கு 512 மெகாபைட் அட்டையையே பயன்படுத்துங்கள். 4 ஜிகாபைட் அட்டையைப் பிறகு நிதானமாக முயன்று பார்க்கலாம்.

காந்தத்தட்டு:

ஒன்றைச் சேர்க்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது தாய்ப்பலகையில் உருளை வடிவ 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் மின்கலம் இருக்கிறதா என்று பாருங்கள். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். பயாஸில் பதிந்த அட்டையின் அளவுகளைச் சேமிக்கும் சிமாஸ் நினைவகமும் அதை நம்பியே இருக்கிறது. இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அந்த இடத்தில் நாணய வடிவ லித்தியம் கலத்தை நேரடியாகப் பற்றவைக்க வேண்டாம்: பலகை அதற்கு மின்னேற்ற முயலும், அது ஆபத்தானது. வெளி மின்கலத்துக்கென்று பலகையில் தனி ஊசிகள் இருந்தால், கையேட்டைப் பார்த்து அங்கே இணைப்பதே சரியான வழி.