அண்மையில் பார்த்த நல்ல படம் ஒன்று சொல்லுங்கள், திரையிடலுக்கு வேண்டும்

நண்பர்களே, வணக்கம். அடுத்த மூன்று மாதத் திரையிடலுக்குப் படங்கள் தேடுகிறோம். கடந்த ஓராண்டில் நீங்கள் பார்த்து மனதில் நின்ற படம் எதுவானாலும் சொல்லுங்கள், மொழி தடையில்லை. ஆனால் பெயரோடு சில விவரங்களும் வேண்டும்.

முதலில் நீளம். 130 நிமிடத்தைத் தாண்டினால் படம் முடிந்து பேச நேரமிருக்காது. அடுத்து, படத்தில் இரவுக் காட்சிகள் எவ்வளவு? எங்கள் கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் கசிவதால் கறுப்பு சாம்பலாகி, முகங்களே தெரியாமல் போகும். 2.39:1 (அகலம்:உயரம்) அகலப் படமா என்பதும் முக்கியம். 10 அடி அகலத் திரையில் அதன் உயரம் 4.2 அடிதான், பின்வரிசைக்கு சப்டைட்டில் படிக்கச் சிரமம்.

சப்டைட்டில் கோப்பு தருபவர்கள் ஃபிரேம் வேகத்தையும் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) குறிப்பிடுங்கள். 25 வேகத்துக்குச் செய்ததை 24 வேகப் படத்தில் போட்டால், இரண்டு மணி நேர முடிவில் எழுத்து ஏறக்குறைய 5 நிமிடம் முந்திவிடும். தொடக்கத்தைத் தள்ளிவைத்தால் சரியாகாது, வேகத்தையே மாற்ற வேண்டும்.

'கொட்டுக்காளி' (2024) போல பின்னணி இசையே இல்லாத படங்களையும் தயங்காமல் சொல்லுங்கள். அன்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம், அப்படிப்பட்ட படத்தின் இயல்பான ஒலிகள் கேட்டே ஆக வேண்டியவை.

ஓடிடி சந்தா வீட்டில் பார்க்க மட்டுமே. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. தயாரிப்புத் தரப்பை அணுக வழி தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொன்னால் பேருதவி.