பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் பெங்காலி பேசும் பெண்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். எங்கள் அபார்ட்மெண்டில் வேலை செய்யும் பெண் ஏழு மாத கர்ப்பிணி. சொந்த ஊர் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத். செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, விடாத தலைவலி வேறு. ரத்த அழுத்தமாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்பத்திரி என்றாலே மறுக்கிறார். வங்கதேசத்துக்காரர்களை விரட்டுவோம் என்ற மேடைப் பேச்சை போனில் பார்த்ததிலிருந்து அந்தப் பயம். ஆதார் இருக்கிறது, காட்டினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவர்கள் தங்கியிருக்கும் தகர ஷெட் பக்கம் பேச்சாம். ஓட்டுக்காகப் பேசுகிறவர்களுக்கு இது எங்கே போய் வலிக்கிறது என்று தெரியுமா!

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் உட்பட, ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தில் 2011 முதல் இலவசம். அரசு மருத்துவமனை அவசர சிகிச்சை தராமல் விடுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவை, அதாவது உயிர் வாழும் உரிமையை, மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. நான் சொன்னால் தலையாட்டுகிறார், கிளம்ப மாட்டேன் என்கிறார். அவர் மொழியில் ஒரு பெண் பேசினால் வருவார்.

இன்றே வாணி விலாஸ் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு எங்களோடு வர முடியுமா? ஆட்டோ செலவு என்னுடையது. அப்புறம், தாயி கார்டு (கர்நாடக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் அட்டை) இல்லாமல் மருத்துவமனையில் பதிவு செய்தவர்கள், இந்தப் பக்கத்து ஆஷா பணியாளரை (அரசின் பகுதி சுகாதார ஊழியர்) தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவர் இருக்கும் இடத்தை மட்டும் இங்கே யாரும் கேட்க வேண்டாம்.