கென்யாவில் ஆதரவற்ற குழந்தைகளிடையே மிஷன் பணி: அனுபவப் பகிர்வு

நைரோபி மிஷன் மருந்தகத்தில் பணியாற்றிய செவிலியர் எழுதியது:

ஆதரவற்ற குழந்தைகளிடையே பணி என்றதும் பலர் குழந்தைகள் இல்லத்தையே நினைப்பார்கள். நான் பணியாற்றியது அத்தகைய இல்லத்தில் அல்ல. நைரோபியின் குடிசைப் பகுதியொன்றில் அருட்சகோதரிகள் நடத்திவந்த ஒரு சிறு மருந்தகத்தில். ஆயினும் அங்கு வந்த குழந்தைகளில் பலர், பாட்டி என்று ஒருவர் இல்லாதிருந்தால் ஏதாவதொரு இல்லத்தில்தான் வளர்ந்திருப்பார்கள். பெற்றோர் எய்ட்ஸ் நோயால் இறந்துபோக, பிறக்கும்போதே எச்.ஐ.வி. கிருமியைப் பெற்றிருந்த குழந்தைகள் அவர்கள். அவர்களை வளர்த்த கிழவிகளோ தெருவோரம் கீரையும் தக்காளியும் விற்று அன்றாடம் பிழைப்பவர்கள்.

அக்காலத்தில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தச் சிறு குழந்தைகளுக்கு நாங்கள் கொடுத்த மருந்து லோபினாவிர், ரிட்டோனாவிர் இரண்டும் கலந்த சிரப். அதன் கசப்பைச் சொல்லி விளக்க முடியாது. சாராயச் சத்தும் அதில் மிகுதி. வாயில் விட்ட மறுகணமே குழந்தை துப்பிவிடும் என்பதால், நாக்கில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவிவிட்டுப் பிறகு ஊற்றும்படி பாட்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். சிரப்பைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் ஒற்றை அறையில் குடியிருப்பவர் குளிர்பதனப் பெட்டிக்கு எங்கே போவார்? ஒரு பாட்டி பெரிய மண்சட்டியில் ஈரமணலை நிரப்பி, அதற்குள் சிறிய சட்டியை இறக்கி, மருந்துப் புட்டியை அதனுள் வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். காலை மாலை மருந்து கொடுத்ததும் சுவரில் கரியால் ஒரு கோடு இழுப்பார். மருந்தகத்திற்கு வரும்போது அந்தக் கோடுகளை மனத்தில் எண்ணிக்கொண்டு வந்து சொல்வார். புட்டியில் எஞ்சிய மருந்தின் அளவோடு அவர் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பின்னர் டோலுடெக்ராவிர் என்னும் மருந்து குழந்தைகளுக்கு ஏற்ற வடிவில், நீரில் கரையும் சிறு மாத்திரையாக வந்தது. ஸ்ட்ராபெரி சுவை சேர்த்த அம்மாத்திரையை, ஓராண்டுச் சிகிச்சைக்கு ஒரு குழந்தைக்கு 40 டாலருக்கும் குறைவான விலையில் வழங்க 2020இன் இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. அதைத் தயாரிக்க முன்வந்த இரு நிறுவனங்களுள் ஒன்று மும்பையைச் சேர்ந்த மேக்ளியாட்ஸ். அது வந்த பிறகு நாங்கள் பட்ட பாட்டில் பாதி குறைந்தது. மிஷன் பணி என்றால் ஜெபமும் அன்பும் என்று மட்டும் எண்ணுவோருக்கு நான் இதையே முதலில் சொல்வேன்: கசப்பில்லாத மாத்திரையும், மருந்தகத்திற்கு வந்துபோகப் பேருந்துக் கட்டணமும் அப்பணியின் பெரும்பகுதி.

---

நைரோபியில் பொறியாளராகப் பணிபுரியும் அன்பர் எழுதியது:

சகோதரி எழுதியதைத் தொடர்ந்து, பார்வையாளனாக நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் கிறிஸ்தவ ஐக்கியக் குழுவைச் சேர்ந்தவர்கள் ஆராதனை முடிந்ததும் அரிசி மூட்டை, சோப்பு, பிஸ்கட் ஆகியவற்றோடு ஓர் இல்லத்திற்குச் செல்வது வழக்கம். உள்ளே நுழைந்தவுடன் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் ஓடிவந்து, முன்பின் அறியாத எங்கள் இடுப்பில் ஏறிக்கொள்வார்கள். எங்களில் பலருக்கு அது கண்ணீர் வரவழைக்கும் காட்சியாக இருந்தது. அங்கிருந்த பராமரிப்புத் தாய் ஒருவரோ எங்களைத் தனியே அழைத்து, வீட்டில் வளரும் குழந்தை அந்நியரைக் கண்டால் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால்தான் ஒளியும், இவர்களுக்கு அப்படி ஒளிய ஆள் இல்லை, அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் தாவுகிறார்கள் என்றார். அதன்பின் நாங்கள் புகைப்படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, பொருள்களை அலுவலகத்தில் ஒப்படைத்துத் திரும்பலானோம். அதன்பின் எங்களோடு வருவோர் கூட்டம் குறைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லா இல்லங்களையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையைச் சேர்ந்த மருத்துவரான அருட்தந்தை ஆஞ்சலோ டி அகோஸ்டினோ, 1992இல் நைரோபியில் நியும்பானி இல்லத்தைத் தொடங்கியபோது, எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளை உறவினரே தொட அஞ்சினர். மருந்து எட்டாத விலையில் இருந்த அவ்வாண்டுகளில் அங்கே குழந்தைகளை அடக்கம் செய்வதும் பணியின் ஒரு பகுதியாயிருந்தது. அரசுப் பள்ளிகள் அக்குழந்தைகளைச் சேர்க்க மறுத்தபோது அவ்வில்லம் நீதிமன்றம் வரை சென்றது. 2004இல் அரசு இறங்கிவந்தது. அத்தகைய காலத்தில் இல்லத்தைத் தவிர வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

---

மேற்குக் கென்யாவில் ஊழியம் செய்த அருட்பணியாளர் எழுதியது:

அன்பர் குறிப்பிட்ட அதே தந்தை, 2006இல் தாம் இறப்பதற்கு முன் கிடுயி மாவட்டத்தில் நியும்பானி கிராமத்தை நிறுவினார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோரை இழந்த குழந்தைகளையும் பிள்ளைகளை இழந்த முதியோரையும் ஒரே வீட்டில் குடியமர்த்துவது அவர் கண்ட வழி. இல்லத்தைத் தொடங்கியவரே கடைசியில் பாட்டிகளின் வளர்ப்பை நாடினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் பணி, மிஷன் இல்லமொன்றில் இருந்த குழந்தைகளின் உறவினரைத் தேடுவது. ஒரு சிறுவனின் கோப்பில் பெற்றோர் இருவரும் இறந்ததாகவும் உறவினர் எவருமில்லை என்றும் எழுதியிருந்தது; ஊர் என்ற இடத்தில் இருந்ததோ வாரச் சந்தை கூடும் ஓரிடத்தின் பெயர். சந்தை நாளில் மோட்டார் சைக்கிளில் அங்கே சென்று, அப்பகுதியின் அரசு அலுவலரான சீஃப்பைப் பார்த்துப் பேசி, அவர் கூட்டிய பொதுக்கூட்டத்தில் விவரத்தை அறிவிக்கச் சொன்னோம். கருவாடு விற்றுக்கொண்டிருந்த பெண்ணொருவர் எழுந்து, அவன் என் அக்காள் மகன் என்றார். ஏன் இத்தனை ஆண்டுகள் தேடவில்லை என்று கேட்டதற்கு, அங்கே மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் இருக்கிறதே, நான் அழைத்து வந்து எதைக் கொடுப்பேன் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் ஏறக்குறைய இதே விடையைத்தான் கேட்டேன்.

உடனே அனுப்பிவிடவும் முடியாது. முதலில் சித்தி வந்து பார்ப்பார். பிறகு விடுமுறைக்குச் சிறுவன் சென்று தங்குவான். அவர் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்கப் பழகுவான். சில குழந்தைகள் திரும்பி வந்துவிடுவதும் உண்டு. குழந்தை போன பின்பும் சமூகப் பணியாளர் ஆண்டுக்கணக்கில் அவ்வீட்டிற்குச் சென்று பார்த்துவர வேண்டும். சீருடைக்கும் பள்ளிக்கட்டணத்திற்கும் சித்தியின் வியாபார முதலுக்கும் ஆகும் பணம், விடுதியில் ஒரு குழந்தையைப் பராமரிக்க எங்களுக்கு ஆன செலவைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் வெளிநாட்டுச் சபைகளிடம் இதற்குப் பணம் கேட்பது எளிதன்று. கட்டடத்தில் கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். கருவாட்டுக் கூடையில் பொறிக்க முடியாதல்லவா!

அரசும் இத்திசையில்தான் நகர்ந்துள்ளது. புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை கென்யா 2017 நவம்பரில் நிறுத்திவைத்தது. 2022இல் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தின்படி, இல்லங்களில் இருக்கும் குழந்தைகளைப் படிப்படியாகக் குடும்பங்களுக்கு மாற்ற வேண்டும். ஆகவே, புதிதாக இல்லம் கட்டித்தர விரும்பும் சபைகள் இருந்தால், ஏற்கெனவே இயங்கும் இல்லம் தன் விடுதியைப் பகல்நேரப் பராமரிப்பு மையமாகவோ பள்ளியாகவோ மாற்றிக்கொள்ள உதவ முடியுமா என்று முதலில் கேட்டுப்பாருங்கள். எச்.ஐ.வி. மருந்து பெறும் குழந்தைகள் அங்கிருந்தால், அம்மருந்து தொடர்ந்து கிடைக்கிறதா என்பதையும் தவறாமல் விசாரியுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா, இம்மருந்துகளுக்கும் கைகொடுத்துவந்த வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததிலிருந்து, அடுத்த மாத மருந்து வருமா என்ற கவலை பல மருந்தகங்களைப் பிடித்துக்கொண்டது.