மறு: கலர் நேம், கலர் ஸ்பெசிஃபிகேஷன் – தமிழில்?

> இரண்டுக்குமே "நிறக்குறியீடு" என்று வைத்துவிடலாமே. படிப்பவருக்குப் புரிந்தால் போதும்.

வணக்கம் ஐயா,

ஒரே சொல் வைத்தால் புரியாது என்பதுதான் என் கவலை. எக்ஸ் சாளர அமைப்பில் (லினக்ஸ் போன்றவற்றில் திரையில் சாளரங்களைக் காட்டும் மென்பொருள்) நிறத்தை எண்ணாக எழுதினால், நிரலோடு இணைந்த எக்ஸ்லிப் நூலகமே அதைப் பிரித்துப் படித்துவிடும். "நேவி ப்ளூ" என்று பெயராக எழுதினால் பொதுவாக அது வழங்கிக்கு, அதாவது திரையை இயக்கும் எக்ஸ் நிரலுக்குப் போகும். அங்குள்ள பட்டியலில் இருப்பதுதான் மதிப்பு. பட்டியல் மாறினால் நிறமும் மாறும்.

"கிரே"யைப் பாருங்கள். எக்ஸின் பழைய பட்டியலில் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகள் (0 முதல் 255 வரை) 190,190,190. வலைப்பக்கத் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் 128,128,128. ஆனால் "டார்க்கிரே"யை மட்டும் சிஎஸ்எஸ் எக்ஸிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது: 169. ஆக, உலாவியில் அடர்சாம்பல் சாம்பலைவிட வெளிறியிருக்கும்! எண்ணாக எழுதியிருந்தால் இந்தக் கூத்து இல்லை.

அதனால் என் பரிந்துரை: நிரல் வாங்கிக்கொள்ளும் எழுத்துத்தொடர் எதுவானாலும் நிறச்சரம். அதில் இரு வகை: நிறப்பெயர், நிறவெண்.

நிறவெண்ணிலும் ஒரு வம்பு உண்டு. எக்ஸில் ஒவ்வொரு நிறக்கூறுக்கும் 16 பிட். #369 என்று எழுதினால் பின்னால் சுழியம் சேர்த்து, பதினாறடிமான எண்களில் (0–9, அதன்பின் ஏ–எஃப்) 3000, 6000, 9000 என்று கொள்கிறது. அதையே "ஆர்ஜிபி:" முன்னொட்டோடு 3/6/9 என்று எழுதினால் 3333, 6666, 9999. சிஎஸ்எஸ்ஸில் #369 என்பது 33, 66, 99. வலைப்பழக்கத்தில் # போட்டு மூன்று எஃப் அடிப்பவருக்கு எக்ஸில் முழு வெள்ளை கிடைக்காது, சற்று மங்கல்தான். எக்ஸ் ஆவணமே # முறையை இனி ஊக்குவிப்பதில்லை என்கிறது.

3-ஐ 3000 ஆக்குவதைச் சுழிய நிரப்பு என்போம். 3333 ஆக்குவதற்கு "அளவு விரிப்பு" என்று யோசித்தேன், பாய்தான் நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு அளவு நீட்டல்.

நிறமா வண்ணமா என்ற பழைய சண்டைக்கு வரவில்லை. கூட்டுச்சொல்லுக்கு நிறம் சின்னது, வசதி. கலர் ஸ்பேஸுக்கு நிறவெளி இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். நிறக்குறியீடு மின்தடையின் பட்டைகளுக்கே இருக்கட்டும்.

அளவு நீட்டலைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற நான்குக்கும் மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.